கால்முட்டு போன பிறகு யாரும் போன் எடுப்பதில்லை: ரக்பிக்குப் போகிற குமரிப் பிள்ளைகளுக்கு

ரக்பி ஆட ஆசைப்படுகிற குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கும், அவர்களை நம்பி ரயில் ஏற்றி விடுகிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். இந்த ஆட்டத்துக்கு வரவே வராதீர்கள் என்று பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, நானே மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறவள்தான். ஆனால் காயம்பட்டு வீட்டில் கிடந்த காலத்தில் எதை யாரிடம் கேட்பது என்று சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை. நெட்டில் தேடினால் நியூசிலாந்துக்காரிகளின் கதை கிடைக்கும், இங்கிலாந்துக்காரிகளின் கதை கிடைக்கும். குளச்சல் பக்கத்துப் பெண்ணுக்கு முட்டில் லிகமென்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற நார், அறுந்தால் பணத்துக்கு எங்கே போவது, எந்தக் காகிதத்தை எடுத்து வைப்பது என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இடையிடையே தெரிந்துகொண்டதையும்.

எங்கள் ஊர் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை. இந்தக் கரையில் கால்பந்து எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, பங்குத் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் கூடவே ஒரு டோர்னமென்டும் ஏறும். தம்பிமாரோடு மணலில் ஆடி வளர்ந்தவள் நான். பள்ளியில் நூறு மீட்டர் ஓடினேன். கல்லூரியில் பி.டி. மேடம், "ஓட்டம் இருக்கு, இடிச்சா பயப்படவும் மாட்டேங்கிற, ரக்பிக்கு வா" என்று கூப்பிட்டார். இங்கே பெரும்பாலும் ஆடுவது செவன்ஸ். ஒரு பக்கத்துக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிடம் ஓய்வு. கேட்கும்போது சின்ன ஆட்டம்போலத் தெரியும், மைதானம் என்னவோ 15 பேர் ஆடுகிற அதே முழு மைதானம். பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதன்பிறகு உதை சரியாகப் போனால் இன்னும் 2. கபடி ஆடின பிள்ளைகள் பிடிப்பதில் கெட்டிக்காரிகள், கால்பந்து ஆடினவர்களுக்கு இடைவெளி கண்ணில் படும். நம் மாவட்டத்தில் இரண்டு வகைக்கும் பஞ்சமில்லை.

வீட்டில் அம்மா மட்டும், "மக்ளே, ஓடியாடுறதுக்கு உனக்கு வேற வெளையாட்டே கிடைக்கலியா?" என்று கேட்டாள். அப்பா குளச்சல் விசைப்படகில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் போகிறவர், கரைக்கு வரும்போது என் முழங்கையில் இருக்கிற சிராய்ப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். செலவும் ஆரம்பத்தில் பெரிதாகத் தெரியவில்லை. கால்பந்து பூட்ஸே போதும். மவுத்கார்ட் மட்டும் வாங்க வேண்டும், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிற வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் பயிற்சிக்குக்கூடப் போகாதீர்கள். பணம் கரைவது பயணத்தில்தான். நாகர்கோவிலில் இருந்து சென்னையே ஒரு ராத்திரிப் பயணம். தேசியப் போட்டி என்றால் புனேவோ புவனேஸ்வரமோ கொல்கத்தாவோ. விளையாட்டு வீரர்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை கொரோனாவோடு 2020-ல் நிறுத்தப்பட்டது. முதல் வருடத்தில் மட்டும் டிக்கெட், சாப்பாடு, ஜெர்சி என்று இருபதாயிரத்துக்கு மேல் போனது. ஒரு ரூபாய் வருமானம் கிடையாது.

வருமானம் பற்றியும் இங்கேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் சொல்லவில்லை. 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டி ஆடியது 2018-ல். 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள், அந்த வடிவத்தில் அதுதான் முதல் வெற்றி. அந்தக் கடைசி நிமிடங்களை எத்தனை முறை போனில் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த அணிக்கு ஆள் தருகிற இடங்களில் ஒடிசாவும் பிகாரும் முக்கியமானவை. புவனேஸ்வரத்தில் கிஸ் என்கிற பழங்குடி மாணவர் நிறுவனம் படிப்பையும் தங்குமிடத்தையும் ஆட்டத்தையும் ஒரே வளாகத்தில் தருகிறது. பிகாரில் பதக்கம் கொண்டுவந்தால் அரசு வேலை என்று ஒரு திட்டமே இருக்கிறது, ரக்பிப் பெண்களும் அதில் வேலை வாங்கியிருக்கிறார்கள். 2025-ல் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்து சென்னை புல்ஸ் கோப்பையையும் தூக்கியது, எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்த முதல் சீசனில் ஆடியது ஆண்கள் மட்டும். ஆக, நம் ஊர்ப் பெண்ணுக்கு ரக்பியால் சோறு கிடைக்க வேண்டும் என்றால் இப்போதைக்கு நம்பகமான வழி விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்பும் வேலையும்தான். அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஆட வேண்டும், ஆடுவதற்கு முட்டு வேண்டும்.

என் முட்டு போனது ஒரு ஏப்ரல் மாதம், வெளிமாநிலத்தில் நடந்த ஒரு தேர்வு முகாமில். மைதானம் காய்ந்து சிமென்ட் தரைபோலக் கிடந்தது. வார்ம்-அப் என்று இரண்டு சுற்று ஓடவிட்டு நேரே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நான் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடுகிற இடத்தில் ஆடினேன். பந்தோடு ஓரமாக ஓடி, எதிரே வந்தவளை ஏமாற்ற வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பினேன். யாரும் என்னைத் தொடவே இல்லை. முட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்ட சத்தம், அப்புறம் நான் தரையில் இருந்தேன். வலி ஒரு சில நிமிடம் உயிரை எடுத்தது, பிறகு குறைந்தது. அந்தக் குறைவுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஸ்ப்ரே அடித்தார்கள், நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். "நடக்க முடியுதே, அப்புறம் என்ன? அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பத்தல, ஓரமா நின்னா போதும்" என்றார் பொறுப்பாளர். தேர்வு முகாமில் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, பேசினால் பட்டியலில் பேர் இருக்காது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முட்டு மடங்கி மறுபடி விழுந்தேன். ராத்திரிக்குள் பானை மாதிரி வீங்கிவிட்டது. பின்னால் ஸ்கேனில் மெனிஸ்கஸ் என்கிற உள் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது தெரிந்தது. அது அந்த இரண்டாவது விழுகையில் கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். கிரிக்கெட் பிட்சைக்கூட மூடி வைக்கிறோம், ஒரு பெண்ணின் கால்முட்டை அப்படிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லையே என்ற கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது: திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ முட்டில் சத்தம் கேட்பது, ஒருசில மணி நேரத்துக்குள் வீங்குவது, கால் ஊன்றினால் முட்டு நழுவுகிற மாதிரி இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முட்டுக்கு உள்ளே இருக்கிற ஏ.சி.எல். என்கிற லிகமென்டைச் சந்தேகப்பட வேண்டும். நடக்க முடிகிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை. அன்றைக்கு மறுபடி மைதானத்துக்குள் கால் வைக்காதீர்கள், யார் சொன்னாலும். ஐஸைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வரை வையுங்கள், க்ரேப் பேண்டேஜ் கட்டுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரிகளுக்கு அதிகம் வருகிறது, அதுவும் யாரும் இடிக்காமலே வருவது அதிகம். ஆனால் குறைக்க வழி இருக்கிறது. வேர்ல்டு ரக்பி அமைப்பு 'ஆக்டிவேட்' என்று ஒரு வார்ம்-அப் முறையை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டு உள்ளே சாயாமல் இறங்குவது, பின்தொடைக்கு வலு ஏற்றுவது போன்ற பயிற்சிகள் அதில் இருக்கின்றன. பயிற்சியாளர் செய்ய வைக்காவிட்டால் நாலு பிள்ளைகள் சேர்ந்து சீக்கிரம் போய் நீங்களே செய்யுங்கள். அதேபோல டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து விழ வைப்பது. விழுவதற்கும் பிடிப்பதற்கும் கற்றுத்தராமல் ஒரே வாரத்தில் ஆட்டத்தில் இறக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் மணல் இருக்கிறது, முதலில் முட்டி போட்டு, பிறகு நின்று, பிறகு ஓடி என்று மணலிலேயே பழகலாம். பிடிக்கும்போது தலை எதிராளியின் முன்னால் போகவே கூடாது, பக்கவாட்டில், அவள் பின்புறத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். முகாம் இன்னும் முடியாததால் கூட வந்தவர்கள் யாரும் கிளம்ப முடியாது. என்னைத் தனியாக ரயில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு மேல் பெர்த். இரண்டு ராத்திரி. மார்த்தாண்டத்துக் குடும்பம் ஒன்று அதே பெட்டியில் இருந்தது, அந்த அக்கா என் காலைப் பார்த்துவிட்டுத் தன் கீழ் பெர்த்தைக் கொடுத்தார், பேன்ட்ரியில் கெஞ்சி ஐஸ் வாங்கி வந்தார். பெயர்கூடக் கேட்டு வைக்காமல் இறங்கிவிட்டேன். கழிவறைக்கு ஒற்றைக்காலில் போனதைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த இரண்டு நாளும் நான் அழுதது வலியால் இல்லை, முகாமில் இருந்து "எங்கே இருக்கிறாய்" என்று ஒரு மெசேஜ்கூட வராததால். நாகர்கோவில் ஜங்ஷனுக்கு மாமா ஆட்டோவோடு வந்தார், அப்பா கடலில் இருந்தார்.

வீட்டார் முதலில் கூட்டிப்போனது தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம். நம் மாவட்டத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். படித்த பிள்ளை ஆசானிடம் போவதா என்று நான் முனகிக்கொண்டேதான் போனேன். அந்தப் பெரியவர் முட்டைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, "மோளே, இது எலும்பும் இல்ல, உளுக்கும் இல்ல. உள்ள ஒரு கயிறு அறுந்துட்டு. நான் தடவினா நீரு இறங்கும், கயிறு கூடாது. படம் எடுத்துப் பாருங்க" என்றார். காசும் வாங்கவில்லை. சில நாள் கழித்து எலும்பு டாக்டர் அதே மாதிரி இழுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். எல்லா ஆசானும் இப்படிச் சொல்வார்கள் என்று இல்லை. வீங்கின முட்டை யாராவது பிடித்துத் திருகவோ முறுக்கவோ ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு ஏழாயிரம் ஆனது. ஏ.சி.எல். முழுதாக அறுந்திருந்தது, மெனிஸ்கஸ் கிழிசல். மறுபடி திரும்பி ஓடுகிற ஆட்டம் ஆட வேண்டுமென்றால் ஆபரேஷன்தான், பின்தொடைத் தசைநாரில் இருந்து எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள் என்று விளக்கினார்கள். ஒன்றே முக்கால் லட்சம் என்றார்கள். நாள் குறித்தது ஜூனில். எங்கள் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக்கிடக்கும், வீட்டில் அரிசி வாங்கவே கணக்குப் பார்க்கிற நேரம். அம்மாவின் வளையலும் என் கம்மலும் கூட்டுறவு வங்கிக்குப் போயின, மகளிர் குழுவில் கடன் வாங்கினாள், மிச்சத்தை மாமா புரட்டினார். மருந்து, பெல்ட், ஊன்றுகோல், பிசியோ, நாகர்கோவிலுக்குப் போய்வந்த ஆட்டோ எல்லாம் சேர்த்து கடைசியில் இரண்டரை லட்சத்தை நெருங்கியது.

முகாம் நடத்தியவர்களுக்குப் போன் போட்டேன். முதல் தடவை, "விசாரிச்சுச் சொல்றோம்மா". அப்புறம் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வந்தது. முகாமின் முதல் நாள் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், ஆட்டத்தில் ஏற்படும் காயத்துக்கு அமைப்பாளர்கள் பொறுப்பில்லை என்று அதில் இருந்திருக்கிறது. வரிசையில் நின்று, முன்னால் நின்றவளின் முதுகில் தாளை வைத்து எல்லோரும் போட்ட கையெழுத்து அது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னது உண்மைதான். ஆனால் எந்த கம்பெனி, பாலிசி எண் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது, தனிநபர் விபத்துக் காப்பீடு என்று குழுவாக எடுக்கிற பாலிசிகள் பலவும் உயிர்போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ மட்டும்தான் பணம் தரும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதுவும் உடனே தகவல் சொல்லியிருக்க வேண்டும், சம்பவம் நடந்த இடத்து டாக்டர் எழுதின சீட்டு வேண்டும். என்னிடம் இருந்தது ஸ்ப்ரே அடித்த மணம் மட்டும்.

அதனால் காயம்பட்டால், எவ்வளவு வலித்தாலும், கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துத் தேதி, இடம், எப்படி நடந்தது என்று எழுதி வாங்கிவிடுங்கள். வீங்கின கால்முட்டைப் போட்டோ எடுங்கள். கூட இருக்கும் யாரையாவது விட்டு மேனேஜருக்கு மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நோய்களுக்குத்தான் முதல் 30 நாள் காத்திருப்பு, விபத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோருக்குத் தர மாட்டோம் என்று விதிவிலக்கு இருக்கும், கல்லூரி அணியில் ரக்பி ஆடுகிறவளுக்குப் பொருந்துமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் செல்லாது.

இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அட்டை இருந்தது, பழைய அட்டை, என் பெயர் அதில் ஏறவே இல்லை. பெயரைச் சேர்த்து, அந்தத் திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்து, முன் அனுமதி வாங்குகிற வரைக்கும் கிழிந்த மெனிஸ்கஸை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு பில்லைக் கொண்டுபோய்க் காட்டினால் பணம் வராது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆகவே நன்றாக ஓடியாடுகிற இப்போதே ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள், பெயர் இருக்கிறதா, ஆதாரில் இருக்கிற அதே எழுத்தா என்று. இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் சரிசெய்துவிடுங்கள். ஒரு நாள் வேலை போகும், போகட்டும்.

ஆபரேஷனைவிட அதன்பிறகுதான் கஷ்டம். முதல் இரண்டு வாரத்தில் காலை முழுதாக நீட்ட வைப்பதுதான் பெரிய வேலை, மடக்குவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள், ஆனால் நீட்டல் வராவிட்டால் பின்னால் ஓட்டமே நொண்டும். குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து முட்டைத் தரையை நோக்கி அழுத்த வேண்டும், கண்ணில் தண்ணீர் வரும். தொடை நம்ப முடியாத வேகத்தில் மெலிந்தது. அம்மாவின் தையல் டேப்பை வைத்து இரண்டு தொடையையும் அளந்து காலண்டரில் எழுதி வைத்தேன். பிசியோவுக்குத் தினமும் போனால் ஒரு முறைக்கு முந்நூறு நானூறு ஆகும், ஆட்டோ வேறு. நாகர்கோவிலில் எனக்குப் பார்த்த பிசியோ மேடமே ஒரு வழி சொன்னார்: வாரத்துக்கு ஒருமுறை வா, கற்றுக்கொடுக்கிறேன், நீ செய்வதை வீடியோ எடுத்துக்கொள், மிச்ச நாள் வீட்டில் செய். அப்படித்தான் முடித்தேன். கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று மணலில் நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் சமதரைதான். எந்தப் பிசியோவிடம் போனாலும், எப்போது திரும்ப ஆடலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். மாதக் கணக்கை மட்டும் சொல்கிறவரிடம் யோசியுங்கள். குறைந்தது 9 மாதம் ஆக வேண்டும், அதற்கு முன் ஆடினால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகம். அதோடு, ஆபரேஷன் ஆன காலின் வலுவும் ஒற்றைக்கால் தாவலும் மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். எனக்கு அது வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது.

அந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், நாசமாகத்தான் போனது. அணியின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எல்லோரும் ஸ்டிக்கர் போட்டார்கள், அப்புறம் அதே குழுவில் போட்டிப் படங்கள் வர ஆரம்பித்தன, அப்புறம் புதிய சீசனுக்குப் புதிய குழு, அதில் நான் இல்லை. என் ஜெர்சி எண்ணில் வேறொருத்தி நிற்கிற படத்தை இரவு முழுக்கப் பார்த்திருக்கிறேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் தழும்பைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், முட்டு ஆபரேஷன் ஆன பெண்ணை யார் கட்டுவார்கள் என்கிற மாதிரி. எனக்கு அப்போது உண்மையில் உதவியது ஊர்க் கால்பந்துப் பையன் ஒருவன். அவனுக்கும் அதே ஆபரேஷன் ஆகியிருந்தது எனக்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரியும். முதல் மாதத்தில் இரவில் முட்டு விறைப்பது, நாலாம் மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல ஒரு மயக்கம் வருவது, இதெல்லாம் அவன் சொன்ன பிறகுதான் சாதாரணம் என்று புரிந்தது. நம் கரையில் ஏ.சி.எல். போன கால்பந்துக்காரர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். தேடிப் பிடித்துப் பேசுங்கள், பையன் என்று கூச்சப்படாதீர்கள்.

படுத்துக்கிடந்தபோதுதான் சான்றிதழ்களை ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். அங்கே இன்னொரு இடி. நான் பெரிதாக நினைத்திருந்த ஒரு 'தேசிய' போட்டியை நடத்தியது அங்கீகாரமே இல்லாத ஒரு அமைப்பு. நுழைவுக் கட்டணம் வாங்கி, பளபளவென்று மெடல் போட்டு, சான்றிதழும் தந்திருந்தார்கள். ஒதுக்கீட்டுக்கு அது வெறும் காகிதம். ரக்பிக்கு நாட்டளவில் அமைப்பு ரக்பி இந்தியா, மாநிலச் சங்கம் அதனோடு இணைந்ததாக இருக்க வேண்டும். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் 2020-ல்தான் ரக்பி சேர்ந்தது. அதற்குப் படிவங்கள் தனித்தனி: இந்தியாவுக்கு ஆடியிருந்தால் படிவம் 1, தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்கு ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர். போட்டி முடிந்து ஓரிரு மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள், பொறுப்பில் இருப்பவர்கள் மாறிவிட்டால் அலைச்சல்தான். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அதற்குத் தனி விதிகள், விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள். எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறு. என் ஒரு சான்றிதழில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். பதிவு செய்யும்போதே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இருக்கிறபடி எழுதச் சொல்லுங்கள், மேசையில் உட்கார்ந்திருப்பவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை.

தலையில் படும் அடி எனக்கு வந்ததில்லை, ஆனால் கூட ஆடினவளுக்கு வந்தது பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. இடிபட்ட பிறகு ஸ்கோர் என்ன என்று தெரியாமல் விழித்தாலோ, வாந்தி வந்தாலோ, தள்ளாடினாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கு அவள் ஆட்டம் முடிந்தது. 'கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா' எல்லாம் கூடாது. அவளே ஆடுகிறேன் என்று அழுதாலும் விடாதீர்கள், அந்த நேரத்தில் அவள் பேச்சைக் கேட்கக்கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனால், தூக்கம் சொக்கினால் நேரே ஆஸ்பத்திரி. அன்றிரவு தனியாகப் படுக்க விடாதீர்கள்.

இப்போது நான் பல்கலைக்கழக அளவில் மறுபடி ஆடுகிறேன், விங்கில் இல்லை, கூட்டத்தில் இருந்து பந்தை எடுத்து மற்றவர்களுக்குத் தருகிற ஸ்க்ரம்-ஹாஃபாக. பழைய வேகத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. பி.பி.எட். என்கிற உடற்கல்விப் படிப்பில் சேரவும் விண்ணப்பித்திருக்கிறேன். அடகில் போன வளையல்களை மீட்டாயிற்று, குழுக் கடன் இன்னும் ஓடுகிறது. சில மாதம் முன்னால் இன்னொரு முகாமுக்கு அழைப்பு வந்தது. டிக்கெட் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேள்விகளை அனுப்பினேன்: இன்சூரன்ஸ் யார் பெயரில், பாலிசி எண் என்ன, ஆஸ்பத்திரிச் செலவு அதில் வருமா, மைதானத்தில் டாக்டரும் ஆம்புலன்ஸும் இருக்குமா, காயம்பட்டால் கூட வருகிறவர் யார், முகாம் மாநிலச் சங்கத்தின் அனுமதியோடு நடக்கிறதா. "என்னம்மா, வக்கீல் மாதிரி கேக்குற" என்று பதில் வந்தது, வேறு பதில் வரவில்லை. நான் போகவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம், பி.டி. மேடத்துக்கு வருத்தம். அடுத்து வந்த முகாமுக்கும் அதே கேள்விகளை அனுப்பினேன். மறுநாளே பாலிசியின் போட்டோவோடு பதில் வந்தது, டாக்டர் இரண்டு நாள் மட்டும்தான் இருப்பார், மூன்றாம் நாள் டேக்கிள் இல்லாத பயிற்சி என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அதற்குப் போய்விட்டு வந்தேன்.